கழற்றப்போகும் கை

1

ஒரு நட்டை இறுக்குபவருக்கு, பின்னொரு நாள் அதைக் கழற்றப்போகிறவர் விஷயத்தில் ஏதாவது கடமை இருக்கிறதா?

கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகத் தெரியலாம். அறம் என்று பேச உட்கார்ந்தால் கொலை, துரோகம், போர் என்று பெரிய விஷயங்களிலிருந்து தொடங்குவதுதான் நம் வழக்கம். கார் சக்கரத்தின் நட்டுக்கு அங்கே யாரும் இடம் தருவதில்லை. ஆனால் பெரிய விஷயங்களில் முடிவெடுக்கும் சந்தர்ப்பம் நம்மில் பலருக்கு வாழ்நாளில் நாலைந்து தடவை வந்தாலே அதிகம். மூடுவது, இறுக்குவது, பூட்டுவது, முடிச்சுப் போடுவது இதெல்லாம் தினமும் நடக்கிறது. ஒவ்வொன்றையும் பிறகு யாரோ ஒருவர் திறக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

வீட்டிலேயே கை பலமுள்ள ஆள் மூடி வைத்த ஊறுகாய் பாட்டிலை, மறுநாள் மதியம் தனியாக இருக்கும் பாட்டி திறக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தானையால் பிடித்துத் திருகுவார். கதவிடுக்கில் வைத்துப் பார்ப்பார். கடைசியில் ஊறுகாய் இல்லாமலேயே சாப்பிட்டு எழுந்துவிடுவார். மூடியவர் கெட்டவரில்லை. "பூசணம் புடிச்சிடக் கூடாதுன்னுதான் நல்லா மூடினேன்" என்பார். அது உண்மையும்கூட. ஊறுகாயை நினைத்தார், பாட்டியின் கையை நினைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இந்த 'அவ்வளவுதான்' பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஊறுகாயில் அது சின்ன விஷயமாக முடிந்துவிடுகிறது. கார் சக்கரத்தில் அப்படி முடிவதில்லை.

2

சக்கரம் எப்படி நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வண்டியின் பாரத்தை அந்த நாலு போல்ட்டுகள்தான் தோளில் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று நினைப்போம். பார்த்தால் அப்படித்தான் தெரியும். உண்மையில், நட்டை இறுக்கும்போது போல்ட் மிக மிக நுண்ணிய அளவுக்கு நீள்கிறது. இழுத்த ஸ்பிரிங் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு ரிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே உண்டாகும் உராய்வுதான், வண்டி ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தை நழுவ விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே இறுக்கம் முக்கியம். நட்டு தளர்ந்தால் சக்கரம் ஆடும். ஆடினால் போல்ட் உடையும். உடைந்தால் ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் தனியாகக் கழன்று ஓடும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் நட்டின்மேல் விழும் திருப்புவிசை கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர். டிக்கியில் ஸ்டெப்னியோடு படுத்திருக்கும் வீல் ஸ்பேனருக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், அதாவது கால் மீட்டர். அதன் நுனியில் 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி நின்றால் 120 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அதாவது, கையேடு சொல்லும் அளவில் இறுக்கிய நட்டை, 50 கிலோ எடையுள்ள ஓர் ஆள், யாருடைய உதவியும் இல்லாமல், தன் உடம்பின் பாரத்தை மட்டும் வைத்துக் கழற்றிவிடலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். போல்ட்டின் விட்டம், உலோகத்தின் வலு இவற்றை வைத்துத்தான் அந்த எண்ணை முடிவு செய்திருப்பார்கள். இருந்தாலும் அந்த எண்ணையும் ஸ்பேனரின் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால், எங்கோ சாலையோரத்தில் தனியாக நிற்கப்போகும் ஒருவரின் உடம்புக்கு அதில் இடம் இருக்கிறது.

டயர் கடைகளில் இருக்கும் ஏர் கன்னுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 400, 500 நியூட்டன் மீட்டர் வரை கொடுக்கக்கூடியவை அவற்றில் சாதாரணம். டர்ர்ர் என்று மூன்று விநாடி அழுத்தினால் முடிந்தது வேலை. அப்படி 400-இல் இறுக்கிய நட்டை அதே ஸ்பேனரால் கழற்ற, 160 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நிற்க வேண்டும்.

அதிகமாக இறுக்கினால் பாதுகாப்பும் கூடுமே என்றால், அதுவும் இல்லை. ஸ்பிரிங்கை ஓர் அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. போல்ட்டும் அப்படித்தான். எல்லை தாண்டி இழுபட்ட போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. மரை கெடுகிறது. பிறகு என்றோ ஒருநாள் அது உடைந்து கையோடு வருகிறது. ஓர் அளவுக்கு மேலே போனால், இறுக்கம் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

3

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் அக்கா.

எங்கள் ஊர் தூத்துக்குடி. அக்கா பள்ளி ஆசிரியை. தினமும் திருச்செந்தூர் சாலையில் போய்வர வசதியாக, பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கியிருந்தாள். வாங்கிய மாதமே ஒரு கடையில் முன் டயர் இரண்டையும் மாற்றினோம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும் வழியில் முன் சக்கரம் பஞ்சர். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். ஃபோன் செய்தாள்.

"தம்பி, நட்டு அசையவே மாட்டேங்குதுடா. ஸ்பேனர் மேல ஏறியே நின்னுட்டேன்."

நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு லாரி நின்று, அதன் ஓட்டுநர் மூன்றடி இரும்புக் குழாயை ஸ்பேனரில் சொருகித் தொங்கி, நட்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அந்த லாரி வந்து நிற்கும் வரைக்குமான நேரமும், நின்ற பிறகு இறங்கி வருகிறவர் எப்படிப்பட்டவரோ என்று தெரியாத அந்தச் சில விநாடிகளும் அக்காவோடு இருந்துவிட்டன. அடுத்த மூன்று வாரம் அவள் பஸ்ஸில்தான் போனாள். ஸ்பேனர் வழுக்கிக் கணுக்காலில் பட்ட காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இன்னொன்றைத்தான் அவளால் விட முடியவில்லை.

"ஸ்டெப்னி இருந்துச்சு. ஜாக்கி இருந்துச்சு. எனக்கு மாத்தவும் தெரியும். அப்புறமும் ஒண்ணும் பண்ண முடியல பாரு."

ஒருவருடைய திறமையை, தயாரிப்பை, தைரியத்தை, அவரைப் பார்த்தேயிராத இன்னொருவர் ஆறு மாதத்துக்கு முன்பே மூன்று விநாடியில் செல்லாததாக்கிவிட முடியும். அவள் சொன்னதில் இருந்தது அதுதான்.

4

மாட்டிக்கொண்ட திருகாணியைப் பற்றி எழுதிய சிந்தனையாளர்களில் பெரிதும் அறியப்பட்டவர் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக். 1974-இல் வெளிவந்த 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலில், பக்கவாட்டு மூடியின் திருகாணி ஒன்று கழலாமல் போவதைப் பற்றிப் பக்கக்கணக்கில் யோசிக்கிறார். சில காசு பெறுமான திருகாணி, கழல மறுத்த கணத்தில் முழு வண்டியின் விலையைப் பெற்றுவிடுகிறது என்பது அவர் பார்வை. அது வராமல் வண்டிக்கு மதிப்பே இல்லை. அப்படி மாட்டிக்கொண்டு நிற்கும் நிலையை வெறுக்காதே, புதிய புரிதல் அங்கிருந்துதான் வரும் என்கிறார்.

எனக்குப் பிடித்த புத்தகம். அவர் சொல்வது உண்மை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன், அதைச் சொல்கிறேன். ஆனால் பிர்சிக்கின் யோசனை முழுக்கக் கழற்றுகிறவர் பக்கமிருந்தே போகிறது. பொறுமையாக இரு, கவனி, மனதைத் திறந்து வை. எல்லாம் சரி. இருட்டிக்கொண்டு வரும் சாலையில் நிற்கும் ஒருவரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? அவருக்குக் குறைந்தது பொறுமை இல்லை, 280 நியூட்டன் மீட்டர். கழற்றுபவரின் மனநிலையைப் பற்றி ஒரு தத்துவம் இருப்பதுபோல, இறுக்குபவரின் பொறுப்பைப் பற்றியும் ஒன்று வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அதற்கு உதவக்கூடியவர் பிரிட்டிஷ் தத்துவவாதி டெரக் பார்ஃபிட். 1984-இல் வந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் ஓர் உதாரணம் சொல்கிறார். காட்டுப் புதரில் ஒருவர் உடைந்த கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போகிறார். நூறு வருடம் கழித்து ஒரு குழந்தையின் காலில் அது குத்துகிறது. போட்டபோது அந்தக் குழந்தை பிறக்கவேயில்லை. அதனால் குற்றம் குறைந்துவிடுமா? குறையாது என்கிறார். தூரத்தில் இருப்பவருக்கு இழைக்கும் தீங்கு எப்படித் தீங்குதானோ, காலத்தால் தள்ளி இருப்பவருக்கு இழைப்பதும் அப்படியே.

நூறு வருடக் கணக்கை நாம் ஓரளவு ஒப்புக்கொள்கிறோம். சுற்றுச்சூழல், வருங்காலச் சந்ததி என்றெல்லாம் பேசுகிறோம். ஆறு மாதக் கணக்குதான் கண்ணில் படுவதில்லை. வருங்காலத்து மனிதர் என்றால் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றில்லை. அவர் இப்போது கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பில்லுக்காகக் காத்துக்கொண்டும் இருக்கலாம்.

5

அந்த டயர் கடைக்கு ஒருநாள் போனேன். சண்டைக்கு இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான். வேலை செய்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நடந்ததைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"சார், லூசா விட்டா நீங்க வந்து என்னையக் கேப்பீங்க. டைட்டா இருந்தா யாரு சார் வந்து கேக்கப் போறா?"

"நான் வந்திருக்கேனே?"

சிரித்துவிட்டான். "நீங்கதான் சார் மொத ஆளு."

அவன் சொன்னதில் ஒரு முழு நீதிநூலுக்கான பிரச்சினை இருக்கிறது. நட்டு தளர்ந்து விபத்தானால், கடைசியாகக் கை வைத்தது யார் என்று தேடிக்கொண்டு வருவார்கள். அதிகமாக இறுகிப்போய் யாரோ நடுரோட்டில் தவித்தால் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை. துரு என்பார்கள், நேரம் சரியில்லை என்பார்கள், 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்றுகூடச் சொல்வார்கள். ஒரு தவறுக்குக் கணக்கு எழுதப்படுகிறது, இன்னொன்றுக்கு எழுதப்படுவதில்லை. அப்படியானால் அறிவுள்ள எந்தத் தொழிலாளியும் இரண்டாவது தவறின் பக்கமே சாய்வான். ஒரு நாளில் எத்தனையோ வண்டி பார்க்கிற, சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிற பையன் சாய்வதில் ஆச்சரியமே இல்லை.

அவனை மட்டும் சொல்லவில்லை. தன்னைக் குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் இறுக்கி வைப்பது நம் பொது வழக்கம். நாளைக்குக் கேள்வி வரக்கூடாது என்று விண்ணப்பத்தோடு எட்டுச் சான்றிதழ் கேட்கும் அலுவலகம் அந்த ஏர் கன்னைத்தான் கையில் வைத்திருக்கிறது. பிள்ளை கெட்டுவிட்டால் ஊர் நம்மைப் பேசும் என்று மகளின் எல்லாக் கதவையும் சாத்தி வைக்கும் வீடும் அப்படியே. தளர்ந்தால் பழி வரும். இறுக்கினால் வராது. எந்தப் பக்கம் தவறினால் நம்மைத் தேடி ஒருவரும் வரமாட்டார்களோ, அந்தப் பக்கத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் கேள்வி. பிடிபட்டுவிடுவோம் என்ற பயம் அங்கே உதவாது. கழற்றப்போகும் கையை நினைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டுமே உதவும்.

6

இவ்வளவு சொன்ன பிறகு, யாருமே இறுக்காமல் இறுகிப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு சக்கரத்தையும் கழற்றிச் சரியான அளவில் திரும்ப மாட்டுவது என்று இறங்கினேன். மூன்று வந்துவிட்டன. பின்பக்க இடது சக்கரத்தில் நாலு நட்டும் சுலபமாகக் கழன்றன. சக்கரம்தான் வரவில்லை. எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, ஆனாலும் நகரவில்லை.

காரணம் எங்கள் ஊர்க் காற்று. ஹப் இரும்பு, அலாய் வீல் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு இடைவெளி. அதற்குள் உப்பு ஈரம் புகுந்தால், இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கின்றன. அலுமினியம் அரிந்து வெள்ளைப் பொடியாகிறது. இரும்பு தன் பங்குக்குத் துருவாகிறது. உலோகமாக இருந்தபோது எடுத்துக்கொண்டதைவிட அதிக இடம் இந்தப் பொடிக்கும் துருவுக்கும் தேவைப்படுகிறது. ஆனால் இடம் இல்லை. ஆகவே ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகின்றன. உப்பளம் சூழ்ந்த ஊரில், வருடக்கணக்காகக் கழற்றாத சக்கரத்துக்கு இது நடக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி முப்பது வருடம் உப்பு லாரி ஓட்டியவர். நான் சுத்தியலைத் தேடுவதைப் பார்த்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, ஜாக்கியில நிக்குற வண்டிய அடிக்காத. அடியில கையக் காலக் கொண்டுபோகாத. நட்டத் திரும்ப மாட்டு. ரெண்டு மரை மட்டும் இடைவெளி விட்டு வை. வீலு விட்டுச்சுன்னா நட்டு புடிச்சுக்கிடும்."

ஹப்பும் ரிம்மும் சேரும் விளிம்பில் துருவிளக்கும் எண்ணெய் விட்டு, பிரேக் பக்கம் போகாமல் துணி வைத்து, அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு தரையில் உட்கார்ந்து டயரின் ஓரத்தில் குதிகாலால் உதைக்கச் சொன்னார். இடப்பக்கம் ஒன்று, அப்புறம் வலப்பக்கம் ஒன்று. வரவில்லை. ஜாக்கியை இறக்கி, முன் சக்கரங்களுக்கு வைத்திருந்த முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டு, வண்டியை முற்றத்திலேயே இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால் மெதுவாக நகர்த்தி பிரேக் பிடிக்கச் சொன்னார். நாலாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியின் எடையே அதை விடுவித்துவிட்டது.

"பாத்தியா. நம்ம பலம் எதுக்கு? அது பாரமே போதும்."

ரிம்முக்குப் பின்னால் வெள்ளையும் சிவப்புமாக ஒரு வளையம் இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஹப்பின் விளிம்பில் மட்டும் லேசாக கிரீஸ் தடவினோம். போல்ட்டிலும் தடவப் போனபோது அண்ணாச்சி தடுத்துவிட்டார். கையேடு தரும் எண் பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. வழுக்கும் மரையில் அதே அளவு திருகினால் போல்ட் அதிகமாக இழுபடும். கழற்றுபவருக்கு நல்லது செய்கிறேன் என்று போகிற இடத்திலும் அளவு தெரிய வேண்டியிருக்கிறது.

இந்தச் சக்கரத்தை யார் இறுக்கினார்கள்? யாரும் இல்லை. நட்டுகள் சரியான அளவில்தான் இருந்தன. தப்பு செய்த கை என்று ஒன்றைக்கூட இங்கே காட்ட முடியாது. தேவை வராததால் யாரும் தொடவில்லை, தொடாததால் பிடித்துக்கொண்டது. தேவையில்லாத நாளில் ஒருமுறை திறந்து மூடாத எதுவும், தேவைப்படும் நாளில் திறப்பதில்லை. டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்வது தேய்மானம் சமமாவதற்காக. கூடவே, அந்தச் சாக்கில் ஒரு கை அங்கே போய்வருகிறது. அதுவும் ஒரு நன்மைதான்.

வீடுகளிலும் இதைப் பார்க்கிறோம். அப்பாவின் பேங்க் கணக்கு எங்கே, காப்பீட்டுப் பத்திரம் எந்த பீரோவில் என்று அம்மாவுக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை. கேட்க அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். அவசியம் வரும் நாளில் அப்பா இருக்கமாட்டார். இரண்டு நண்பர்களுக்கு நடுவில் பேசாமல் விட்ட ஒரு விஷயம்கூட அப்படித்தான். பேசக்கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. உப்புக் காற்று மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

7

ஒரு மறுப்பு வரலாம். எல்லாவற்றையும் கழற்ற வசதியாகவே வைத்திருந்தால் எதுதான் நிற்கும்? நியாயமான கேள்வி. உறவோ சட்டமோ சொல்லோ, ஓர் உறுதி இல்லாமல் நிற்காது.

இதற்கு நட்டைப் பார்த்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இரண்டு உலோகத் துண்டுகளை இனி ஒருபோதும் பிரிக்கப்போவதில்லை என்றால் அதற்கு வழி இருக்கிறது. ரிவெட் அடிக்கலாம், வெல்டிங் வைக்கலாம். அதில் ஒளிவுமறைவு இல்லை. நட்டும் போல்ட்டும் போட்டவர் வேறொன்றை ஒப்புக்கொண்டிருக்கிறார்: இது ஒருநாள் கழற்றப்படும். மரை என்று ஒன்றை வெட்டி வைத்ததே அதற்குத்தான். அப்படி ஒப்புக்கொண்டுவிட்டு, கழற்றவே முடியாதபடி இறுக்குவது கொடுத்த வாக்கை மீறுவது. பார்க்க நட்டு, உள்ளே வெல்டிங். அக்கா அன்று சாலையோரத்தில் எதிர்கொண்டது அதைத்தான். கழற்றலாம் என்று சொல்லி ஸ்பேனரும் கொடுத்து, கழற்ற முடியாதபடி ஆக்கி வைத்திருந்தார்கள். விண்ணப்பிக்கலாம் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு யாராலும் விண்ணப்பிக்க முடியாதபடி செய்வதும், 'உன் இஷ்டம்தான்' என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்வதும் அதே வகை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு சக்கரத்தையும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிர் நட்டாகப் பார்த்து, கையேட்டு அளவில் இறுக்கினேன். 'கிளிக்' என்ற சத்தத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் ஓர் இழுப்பு இழுக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கும். அந்த இழுப்பு சக்கரத்துக்குத் தேவையில்லை, நம் பயத்துக்குத்தான் தேவைப்படுகிறது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு ஸ்பேனரைக் கொடுத்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை அவளே தளர்த்திப் பார்த்தாள். நாலும் வந்தன. அவற்றைத் திரும்ப டார்க் ரெஞ்சால் இறுக்கியதும் அவளேதான். மறுநாள் திங்கட்கிழமை, காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். அந்த வார இறுதியில் அதையும் அவளே செய்துவிட்டாள்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கையேட்டில் எண் இருப்பது சக்கரத்தின் அதிர்ஷ்டம். மற்ற விஷயங்களுக்கு அப்படிக் கையேடு இல்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே அளவு இதுதான்: இதைத் திறக்க வேண்டி வரக்கூடியவர்களிலேயே பலம் குறைந்தவர் யார், அவர் தனியாக இருக்கும்போது அவரால் இதைத் திறக்க முடியுமா?